முன்பணம் கைமாறும் மாதத்தில் ஊர் விழித்திருக்க வேண்டும்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். ராணிப்பேட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இளைஞர் மன்றமும் சேர்ந்து ஆள்கடத்தலுக்கு எதிராகச் சென்ற ஆண்டு பேரணி நடத்தினீர்கள், உறுதிமொழி எடுத்தீர்கள், சுவரொட்டி ஒட்டினீர்கள். அது ஒரு நாளோடு முடிந்துபோனது. மக்களின் கவனத்தையும் ஆதரவையும் நிலையாகப் பெற வேறு என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

எதைப் பற்றி விழிப்பூட்டப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால், நல்லெண்ணத்தோடு செய்யும் பிரசாரமே தீங்காக முடியும். 2018ஆம் ஆண்டு மே மாதம், உங்கள் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணிய ஊர்க்காரர்கள் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த வதந்திதான் அந்தக் கூட்டத்தைத் திரட்டியது. "அறிமுகமில்லாதவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்" என்பதையே முழக்கமாகக் கொண்ட விழிப்புணர்வு, அப்பாவிகளின் மேல் பாயும் கூட்டத்தை உருவாக்கலாமே தவிர, ஒரு குடும்பத்தைக்கூடச் செங்கல் சூளைக்குப் போகாமல் காப்பாற்றாது. ஏனென்றால் உங்கள் பகுதியில் ஆள்களைக் கொண்டுபோகிறவர் பெரும்பாலும் அறிமுகமானவர்தான். மேஸ்திரி, தூரத்து உறவுக்காரர், முன்பு அதே இடத்தில் வேலை செய்து இப்போது ஆள் சேர்த்துக் கொடுப்பவர், பக்கத்துத் தெருப் பெண் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. அவர் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, குடும்பத்தின் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்டு, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி, சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரைச் சேர்ப்பதும், ஏற்றிச் செல்வதும், தங்கவைப்பதும், ஒப்படைப்பதும், பெற்றுக்கொள்வதும் ஆள்கடத்தலாகும். அது மிரட்டியோ பலாத்காரமாகவோ மட்டும் நடக்க வேண்டியதில்லை, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, பணமோ பயனோ கொடுத்து ஆசைகாட்டியோ நடந்தாலும் குற்றமே. மாநில எல்லையைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. பாதிக்கப்பட்டவர் "சம்மதித்துத்தான் போனார்" என்பது குற்றவாளிக்குத் தற்காப்பு ஆகாது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள். ஒரு குழந்தை சம்பந்தப்பட்டிருந்தால் பத்து ஆண்டுகள். அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆள் விற்பனையையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடைசெய்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கடத்துவது மட்டுமே ஆள்கடத்தல் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதால், கண்ணெதிரே மரம் வெட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் நமக்கு வெறும் கூலிக்காரக் குடும்பமாகத் தெரிகிறது.

அப்படிப்பட்ட குடும்பங்கள் உங்களுக்கு வெகு தொலைவில் இல்லை. 2019 ஜூலையில், ராணிப்பேட்டை இன்னும் வேலூர் மாவட்டத்தில் இருந்தபோது, காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். அவர்கள் இருளர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் நாளிதழ்களில் வந்தது. அவர் வாங்கியிருந்த கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்திகள் கூறின. 2025 மே மாதத்தில் வெளிவந்த மற்றொரு செய்தி இதைவிடக் கொடியது. ஆந்திரத்தில் வாத்து மேய்க்கும் தொழில் செய்த ஒருவரிடம் 25,000 ரூபாய் முன்பணத்துக்கு வேலை பார்த்த யானாதி பழங்குடிக் குடும்பத்தில் கணவர் இறந்துபோனார். வேலையை விட்டுப் போக விரும்பிய அந்தத் தாய், கடனுக்கு ஈடாகத் தன் ஒன்பது வயது மகனை விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று. பணத்தைத் திரட்டிக்கொண்டு வந்து மகனைக் கேட்டபோது, பையன் ஓடிப்போய்விட்டான் என்றார்கள். காவல்துறை விசாரித்த பிறகு, காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்த அவனுடைய உடல் தோண்டி எடுக்கப்பட்டது. அந்தச் சிறுவனைப் பல மாதங்களாகப் பலர் பார்த்திருப்பார்கள். வாத்துக் கூட்டத்தோடு ஒரு பையன் போகிறான், பள்ளிக்கூட நேரத்தில் போகிறான் என்பது யாரையும் நிறுத்திக் கேட்கவைக்கவில்லை. ஒரு சமூகத்துக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று நான் சொல்லும்போது, அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தையே சொல்கிறேன்.

ஆகவே உங்கள் பிரசாரத்தின் நடுவில் இருக்க வேண்டிய சொல் முன்பணம். அதைப் பற்றிய சட்டம் 50 ஆண்டுகளாக இருந்தும், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, முன்பணத்துக்காக ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, வேறு வேலைக்குச் செல்லும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ இழந்திருந்தால் அவர் கொத்தடிமைத் தொழிலாளர். சங்கிலி, பூட்டு, காவலாள் எதுவும் தேவையில்லை. அவருடைய கடன் சட்டப்படி அழிந்துபோகிறது; திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அழிந்துபோன அந்தக் கடனுக்காகப் பணம் வாங்கிக்கொள்ளும் முதலாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழிலாளியுடையது அன்று. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கொடுத்தவர். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் கூறியது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், அதற்குப் பின்னால் முன்பணம் இருப்பதாகவே அனுமானிக்க வேண்டும் என்று 1984இல் கூறியது.

இத்தனையையும் துண்டறிக்கையில் அச்சடித்து விநியோகித்தால் பயனில்லை. "வாங்கிய கடனைக் கொடுக்காமல் வருவது பாவம்" என்ற எண்ணம் இந்தக் குடும்பங்களிடம் ஆழமாக இருக்கிறது. முதலாளியின் பலத்தைவிட அந்த நேர்மைதான் அவர்களைப் பெரிதும் கட்டிப்போட்டிருக்கிறது. அதை நீக்க ஒரு நாள் கூட்டம் போதாது. ஏற்கெனவே மீட்கப்பட்டு வந்தவர்கள், தங்கள் வாயால், தங்கள் பேச்சு வழக்கில் சொன்னால்தான் அது நம்பப்படும். வட மாவட்டங்களில் மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து சங்கம் அமைத்துச் செயல்படுகிறார்கள். அவர்களை அழைத்துப் பேசவையுங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். இருளர் குடியிருப்பில், வேலை முடிந்து வந்தபின் மாலை நேரத்தில், இருபது பேர் உட்கார்ந்து பேசுவது போதும். உங்கள் ஊரில் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டலாம்: ஆயிரம் கல் அறுத்தால் என்ன கூலி, ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்து எத்தனை கல் வருகிறது, வாரச் செலவுக்குக் கொடுப்பது எவ்வளவு, முன்பணத்தில் கழிப்பது எவ்வளவு, பருவம் முடியும்போது கடன் ஏன் குறையாமல் நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.

நேரம் மிக முக்கியம். ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த ஜூலை 30ஆம் தேதியிலும், கொத்தடிமை முறை ஒழிப்பு நாளான பிப்ரவரி 9ஆம் தேதியிலும் உறுதிமொழி எடுக்கிறோம். பிப்ரவரியில் குடும்பங்கள் ஏற்கெனவே சூளைக்குப் போய்விட்டிருக்கும்; உறுதிமொழி கேட்கும் இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. செங்கல் சூளையில் மழை நின்ற பிறகுதான் வேலை தொடங்குகிறது. அதற்கான முன்பணமோ வேலையில்லாத மழைக்கால மாதங்களிலேயே கைமாறிவிடுகிறது. ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வரும் குடும்பங்களுக்கும் இதே கதைதான்: அங்கே அறுவடைத் திருநாளான நுவாகாய் முடிந்த கையோடு தரகர்கள் பணத்தோடு வந்துவிடுகிறார்கள். உங்கள் பிரசாரம் புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரை, வாரம் ஒரு தெரு என்று மெதுவாக நடக்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் அப்படிப்பட்ட ஒரு பருவம். பேரிடர் வந்தால் மாத்திரம் காலண்டரைப் பார்க்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைச் சிதைத்த பிறகு, வீடிழந்த குடும்பத்தின் சிறுவன் முன்பணத்துக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட செய்தி வந்ததை நினைவில் வையுங்கள். நிவாரணப் பொருள் போகும் அதே வண்டியில் இந்த எச்சரிக்கையும் போக வேண்டும்.

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்காதே என்று சொல்பவரிடம், "அப்படியானால் மருத்துவமனைக்கு யார் பணம் தருவார்கள்?" என்று ஒரு தாய் கேட்பார். அதற்குப் பதில் வைத்திருக்காத விழிப்புணர்வுக்கு மதிப்பில்லை. பிரசவம், சாவு, மஞ்சள் நீராட்டு, ஒழுகும் கூரை, மழை மாதத்துப் பட்டினி ஆகியவற்றுக்காகத்தான் கை நீள்கிறது. தொகை பெரும்பாலும் சில ஆயிரங்கள். உங்கள் சுயஉதவிக் குழுக்களிடம் சேமிப்பு இருக்கிறது, உள்கடன் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, ஊராட்சி அளவில் கூட்டமைப்பு இருக்கிறது. அந்தக் குழுக்களில் ஊரின் ஓரத்தில், ஏரிக்கரையில், புறம்போக்கில் குடியிருக்கும் இருளர் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பல ஊர்களில் ஒருவரும் இருப்பதில்லை. "அவர்கள் ஒழுங்காகக் கட்ட மாட்டார்கள், பாதி வருஷம் ஊரில் இருக்க மாட்டார்கள்" என்று காரணம் சொல்லப்படுகிறது. ஊரில் இருக்க முடியாமல் போவதற்கே அந்தச் சிறு கடன் கிடைக்காததுதான் காரணம் என்பதை நாம் யோசிப்பதில்லை. அவர்களுக்கென்று தனிக் குழு தொடங்கி, மழை மாதங்களில் வட்டியில்லாமல் ஐயாயிரம் ரூபாய் வரை கொடுக்கும் ஒரு சிறு நிதியைக் கூட்டமைப்பு ஒதுக்கினால், நூறு சுவரொட்டி செய்யாததை அது செய்யும். மக்களின் ஆதரவை எப்படித் திரட்டுவது என்று கேட்டீர்களே, இதற்காகத் திரட்டுங்கள். நன்கொடை கேட்கும்போது எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற காரியத்துக்கு ஊரில் பணம் கிடைக்கும்.

அடுத்தது, போகிறவர்களைப் பற்றிய பதிவேடு. வேலை தேடி வெளியூர் போவது உரிமை. அதைத் தடுப்பது நம் வேலை அன்று. ஆள்கடத்தல் தடுப்பு என்ற பெயரில் பெண்களை வெளியே அனுப்பாதீர்கள் என்று பேசும் பிரசாரங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றால் பெண்களின் படிப்பும் வேலையும்தான் முடங்குகின்றன, ரகசியமாகப் போகிறவர்கள் மேலும் ரகசியமாகப் போகிறார்கள், ஆபத்து கூடுகிறது. போகிறவர் விரும்பிச் சொல்லும் விவரங்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். யார் யார் போகிறார்கள், குழந்தைகள் எத்தனை பேர், எந்த ஊர், எந்தச் சூளை அல்லது ஆலை, அழைத்துப்போகும் மேஸ்திரியின் பெயர், அவருடைய கைபேசி எண், வாங்கிய முன்பணம், எந்த மாதம் திரும்புவதாகப் பேச்சு என்று இவ்வளவு போதும். முன்பணத் தொகையையும் மேஸ்திரியின் பெயரையும் ஊரில் மூன்றாம் மனிதர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்பதே மேஸ்திரியைச் சற்று யோசிக்கவைக்கும். போன பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவிலிருந்து ஒருவர் பேச வேண்டும். அருகில் முதலாளி நின்றுகொண்டிருந்தாலும் சொல்லக்கூடிய ஒரு சாதாரண வாக்கியத்தை, எடுத்துக்காட்டாகச் "சின்னப் பாட்டிக்கு உடம்பு தேவலையா?" என்பதை, ஆபத்துக் குறியாக முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் துக்கத்துக்குக்கூட வர விடாமல் இருப்பதும், கணவரை மட்டும் அனுப்பி மனைவியையும் பிள்ளைகளையும் நிறுத்திக்கொள்வதும் மிகத் தெளிவான அறிகுறிகள். அந்த நோட்டைப் பொறுப்பானவர்களிடம் மட்டும் வையுங்கள். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டும் பட்டியல் அல்ல அது.

நூற்பாலைகளுக்குப் போகும் பெண்கள் விஷயத்தில் உங்கள் பெற்றோர் கூட்டங்கள் உதவும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி ஆலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்றாண்டு வேலை, முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி வளரிளம் பெண்களைச் சேர்த்த முறை பல ஆண்டுகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. மாதாமாதம் கொடுக்க வேண்டிய கூலியை நிறுத்திவைத்து, மூன்றாண்டு முடியுமுன் உடல்நலம் கெட்டு வெளியேறியவளுக்கு அந்தத் தொகையை மறுத்ததுதான் அதன் அடிப்படைக் கொடுமை. அந்தப் பெயர் இப்போது குறைவாகக் கேட்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் பெற்றோர் கேட்க வேண்டியவை இவைதாம்: மாதச் சம்பளம் மகளின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருமா? விடுதியிலிருந்து அவள் தன் விருப்பப்படி வெளியே போய்வரலாமா? கைபேசி அவளிடமே இருக்குமா? நடுவில் விலகினால் பிடித்தம் உண்டா? முகவர் இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினால் அனுப்ப வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் பிறப்புச் சான்றைத் திருத்தித் தருகிறேன் என்று சொன்னால், அங்கேயே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

இளைஞர் மன்றத்தினருக்கு வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற எண்ணத்தை அது பொய்யாக்கிவிட்டது. 2022இல் தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போன பட்டதாரிகள், எல்லையைத் தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும் மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள், மறுத்தவர்களை அடித்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை திரும்பினர். கம்போடியா, லாவோஸ் நாடுகளிலும் இத்தகைய மோசடி முகாம்கள் இருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அவருடைய பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், உறவினரே சொன்னாலும், போகக் கூடாது. இந்தச் சரிபார்ப்பைச் செய்துகொடுக்கும் மேசை ஒன்றை மன்றத்தில் வாரம் ஒரு மாலை நடத்துவது, உங்கள் இளைஞர்களால் உடனே செய்யக்கூடியது. சந்தேகம் இருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தையும் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் கேட்கலாம்.

இதுவரை உங்கள் ஊரிலிருந்து போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். உங்கள் ஊருக்குக் கொண்டுவரப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் சூளை, மரம் வெட்டும் தோப்பு, அரிசி ஆலை, கோழிப்பண்ணை ஆகியவற்றில் வேறு மாவட்டத்துக் குடும்பங்களோ ஒடியா, இந்தி பேசும் குடும்பங்களோ தங்கியிருக்கலாம். சந்தைக்கு எல்லாரும் சேர்ந்து வராமல் வீட்டுக்கு ஒருவரை மட்டும் காவலோடு அனுப்புகிறார்களா, மளிகையை முதலாளியே வாங்கிக் கணக்கெழுதுகிறாரா, குழந்தைகள் பள்ளி நேரத்தில் கல் புரட்டுகிறார்களா, காய்ச்சல் வந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வர மறுக்கிறார்களா என்பதையெல்லாம் மளிகைக் கடைக்காரரும், ஷேர் ஆட்டோ ஓட்டுபவரும், கிராம சுகாதாரச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியரும் அன்றாடம் பார்க்கிறார்கள். உங்கள் முதல் பயிற்சிக் கூட்டம் பொதுமக்களுக்கு அல்லாமல் இந்தப் பத்துப் பதினைந்து பேருக்கு இருக்கட்டும். பார்ப்பவர்கள் அவர்கள்தான்; பார்ப்பதற்கு என்ன பொருள் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

சந்தேகம் எழுந்தால் என்ன செய்வது? நீங்களே கூட்டமாகப் போய் மீட்க முயலாதீர்கள். முதலாளிக்குத் தகவல் போனால் இரவோடு இரவாகக் குடும்பங்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு சாட்சியும் இருக்காது, ஆளும் இருக்காது. இடம் எங்கே, சுமார் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, யாருடைய இடம், யார் பார்த்தது என்ற விவரங்களோடு மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிவிடுங்கள். கொத்தடிமைத் தொழிலாளர்களைக் கண்டறிந்து விடுவிக்கும் பொறுப்பைச் சட்டம் இவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது. குழந்தைகள் இருந்தால் 1098, பெண்களுக்கு ஆபத்து என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள். விசாரணையின்போது தொழிலாளர்களை முதலாளியின் இடத்திலிருந்து விலக்கி, தனியாக, அவர்களுக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். முதலாளி எதிரே நிற்கும்போது "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றுதான் எவரும் சொல்வார். மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பிரதிநிதிகளும் சமூக சேவகர்களும் அதில் இடம்பெற வேண்டும். உங்கள் கோட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது, பேரணியைவிட நல்ல ஒரு விழிப்புணர்வுப் பணி என்று நினைக்கிறேன்.

மீட்பு முடிந்தவுடன் செய்தியாளர்கள் போய்விடுவார்கள். ஊரின் உண்மையான வேலை அதன் பிறகு வருவது. நான் அறிந்தவரை ஆதரவு மிகவும் குறைந்துபோகும் இடமும் இதுதான். கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று காட்டும் விடுவிப்புச் சான்றிதழ் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கும் தனித்தனியே, அன்றே வழங்கப்பட வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் மற்ற எதுவும் நகராது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. பிறகு வயதுவந்த ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம் என்று உதவித்தொகை உண்டு. இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வழக்கு இழுத்துக்கொண்டே போகும் ஆண்டுகளில் குடும்பம் வெறுங்கையோடு இருக்கிறது. அந்த ஆண்டுகளில்தான் பழைய மேஸ்திரி மறுபடி வருகிறார். சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வீட்டுமனைப் பட்டா, ஊரக வேலை அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்காக அலுவலகத்துக்கு அவர்களோடு கூடவே நடக்க இரண்டு பேர் வேண்டும். பழங்குடிச் சான்று இல்லாமலேயே வாழ்ந்து முடிந்த இருளர் குடும்பங்கள் ஏராளம். அது இருந்தால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான நிவாரணத்தைக் கோர முடியும். நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போகும் நாளில் கூலி போய்விடும். அந்த நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் உங்கள் நிதி ஏற்றுக்கொண்டால், பிறழ்சாட்சியாக மாறும் கட்டாயம் அவர்களுக்குக் குறையும். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100.

பாலியல் சுரண்டலிலிருந்து மீண்டு வரும் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்து திரும்பி வராமலே இருந்துவிடுகிறவர்கள் பலர். வந்தவள் எங்கே இருந்தாள், என்ன நடந்தது என்று யாரும் கேட்காமல் இருப்பதே உங்கள் மகளிர் குழு அவளுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி. குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், தையலோ கடையோ அவள் கேட்கும் தொழிலுக்கு உள்கடன் கொடுங்கள். நிதி திரட்டுவதற்காக அவளுடைய படத்தையோ கதையையோ பயன்படுத்தாதீர்கள். முகத்தை மங்கலாக்கினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். குழந்தையாக இருந்தால் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின்படியும் போக்சோ சட்டத்தின்படியும் குற்றம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மழைக்கால முன்பணத்துக்கு முன்னால் வருவது அக்டோபர் 2. அந்தக் கூட்டத்துக்கு இருளர் குடியிருப்பிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து உட்காரும்படி நேரத்தை அமைக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள்: ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் சூளைகளிலும் பண்ணைகளிலும் தங்கி வேலை செய்யும் குடும்பங்களின் கணக்கைப் பருவத்துக்கு ஒருமுறை கோட்டாட்சியருக்கு அனுப்புவது; கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டி, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை மாதந்தோறும் பார்ப்பது; மழைக்கால நிதிக்குக் கூட்டமைப்பு ஒதுக்கும் தொகையைப் பதிவுசெய்வது. தீர்மான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபை நவம்பர் 1ஆம் தேதி கூடும்போது, இந்த மூன்றில் எது நடந்தது என்று முதல் பொருளாகக் கேளுங்கள்.